முள்ளெலி நாச்சி வாடகைக்கு வளை பார்த்த கதை

வேல மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் சாத்தன், நாச்சி என்று ஒரு முள்ளெலித் தம்பதி குடியிருந்தார்கள். அவர்களுக்கு மொட்டு என்று ஒரு குட்டி. முதுகில் முள் இன்னும் முற்றாத பச்சைப் பிள்ளை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. தரை வெடித்தது. வண்டுகளும் புழுக்களும் மண்ணின் ஆழத்துக்குப் போய்விட்டன. முள்ளெலிகளுக்கு இரை கிடைக்கவில்லை.

அப்போது ஏரிக்கரை ஊரிலிருந்து ஒரு சேதி வந்தது. அவ்வூர்த் தலைவரான கடமான் தம் வெள்ளரித் தோட்டத்தில் வண்டு பிடிக்க ஆள் தேடுகிறாராம். கணவன் மனைவி இருவருக்கும் வேலை உண்டாம். காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்பலாமாம்.

மறுநாளே மூவரும் புறப்பட்டார்கள். வழியில் நாச்சி கேட்டாள்: "ஏங்க, நாம் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் மொட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"முதலில் ஒரு நல்ல வளையாகப் பிடிப்போம். மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்றான் சாத்தன். அவனுக்கு எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும். நாச்சி அப்படியல்ல. ஒரு புழுவைக்கூட முகர்ந்து பார்க்காமல் வாயில் போட மாட்டாள்.

ஏரிக்கரை ஊர் அவ்வளவு பெரிய ஊரல்ல. ஆனாலும் பல காட்டு உயிர்கள் பிழைப்புத் தேடி வந்து தங்கிய ஊர். அதன் நுழைவாயிலிலேயே ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. வளை, பொந்து, புதர் எல்லாவற்றுக்கும் அதுதான் தரகர்.

"வாருங்கள், வாருங்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்று குரங்கு அவர்களைத் தாமரைத் துறைக்கு அழைத்துப் போனது.

உச்சி வெயில் நேரம். ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நீர் நிறையத் தாமரை. கரையோரம் வரிசையாக வளைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். ஓர் அரவம் இல்லை.

"பார்த்தீர்களா, எவ்வளவு அமைதி. குடியிருப்பவர்கள் எல்லோரும் கௌரவமானவர்கள். யாரும் யார் விஷயத்திலும் தலையிட மாட்டார்கள்" என்றது குரங்கு.

சாத்தனின் கண்கள் விரிந்தன. "நாச்சி, இதையே பேசி முடித்துவிடலாம்."

நாச்சி மூக்கைச் சுளித்து யோசித்தாள். "வேறு இடம் ஏதும் இருக்கிறதா, தரகரே?"

"புங்கமரத் தெருவில் ஒரு வளை காலியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போகாதீர்கள் அம்மா. எந்நேரமும் சத்தம், சண்டை."

குரங்கு சொன்னது பொய்யில்லை. திரும்பும் வழியில் அந்தத் தெருவைக் கடந்தபோது அணில்கள் கிரீச்சிட்டுக் கொண்டிருந்தன. முயல் குட்டிகள் புழுதி கிளப்பி ஓடின. ஒரு கவுதாரி தெரு நடுவில் நின்று எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தது. வாசல்களில் கூழாங்கல்லும் இல்லை, ஒன்றுமில்லை. சாத்தன் காதைப் பொத்திக்கொண்டான்.

ஊர் எல்லையில் ஒரு பாறை இடுக்கில் அவர்கள் தங்கினார்கள். "நாளைக்கே தாமரைத் துறைக்குப் போய்விடுவோம்" என்றான் சாத்தன்.

"வளையைப் பார்த்தோம். பக்கத்தில் இருப்பவர்களை இன்னும் பார்க்கவில்லையே" என்றாள் நாச்சி. "நாளை ஒரு நாள் மொட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போய் வருகிறேன்."

"போய்க் கேட்டால் எல்லோரும் தங்கள் தெருவை நல்ல தெரு என்றுதானே சொல்வார்கள்?"

"நான் கேட்கப் போவதில்லை" என்றாள் நாச்சி.

குழந்தைகளே, முள்ளெலி பயந்தால் என்ன செய்யும் தெரியுமா? தலையையும் கால்களையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு முள் பந்தாகச் சுருண்டுவிடும். அப்போது பார்த்தால் அது உயிருள்ளதா இல்லையா என்றே தெரியாது. மறுநாள் காலை நாச்சி தாமரைத் துறைக்குப் போய், நடுவழியில் அப்படித்தான் சுருண்டு கிடந்தாள்.

முதலில் ஒரு மயில் வந்தது. "யார் இந்தக் குப்பையை இங்கே போட்டது?" என்று தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனது.

அடுத்து நீர்நாய் தன் வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "நம் வாசலில் கிடந்தால் நமக்குத்தான் கெட்ட பெயர்" என்று ஒரு குச்சியால் அவளை உருட்டி ஆமையின் வாசலில் விட்டுவிட்டுப் போனது.

சிறிது நேரத்தில் ஆமை வெளியே வந்தது. "முனகுவது போல் இருக்கிறதே. ஏதோ சீக்குப் பிடித்த பிராணி. நமக்கெதற்கு வம்பு?" என்று சொல்லி அதுவும் அவளை மெதுமெதுவாகத் தள்ளியது. மறுபடி நீர்நாயின் வாசல். மறுபடி ஆமையின் வாசல். வெயில் ஏறும்வரை நாச்சி இப்படியே உருண்டுகொண்டிருந்தாள். கூழாங்கற்கள் உறுத்தி உடம்பெல்லாம் வலித்தது. ஒருவர்கூட "யார் நீ?" என்று கேட்கவில்லை.

எல்லோரும் உள்ளே போனபின் அவள் எழுந்து தள்ளாடி நடந்தாள்.

புங்கமரத் தெருவுக்கு வந்தபோது நாவறட்சி. நிழலில் அவள் சுருண்டு படுத்தாள். இந்த முறை பாதி நடிப்பு, பாதி அசதி.

உடனே முயல் குட்டிகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. ஒன்று காலை நீட்டி உருட்டப் பார்த்தது.

"தொடாதே!" என்று கவுதாரி பறந்து வந்தது. "கண்ணில்லையா உனக்கு? மூச்சு வாங்குகிறது, பார். தள்ளி நில்லுங்கள், காற்று வரட்டும்."

மரத்திலிருந்து அணில்கள் இறங்கின. "தண்ணீர் தெளிக்க வேண்டும்" என்றது ஓர் அணில். "தெளிக்கக் கூடாது, குடிக்கக் கொடுக்க வேண்டும்" என்றது இன்னோர் அணில். தாய் முயல் அகலமான இலை ஒன்றைக் கவ்வி வந்து வெயில் படாமல் பிடித்தது. "என் வளைக்குள் தூக்கிப் போகலாம்" என்றது. "உன் வளையில் உன் பிள்ளைகளுக்கே இடமில்லை. என் புதருக்குக் கொண்டு வாருங்கள்" என்றது கவுதாரி. "முள்ளைக் குஞ்சுகள் மிதித்தால்?" என்றது தாய் முயல். "என் குஞ்சுகளை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும்."

ஆளாளுக்குக் கத்தினார்கள். தெருவே இரண்டுபட்டது. உள்ளே சுருண்டிருந்த நாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுத் தெருமுனையில் கேட்டதும் இதே சத்தம்தான்.

அவள் மெல்ல விரிந்தாள். அணில் இலைக் குழியில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு தலை குனிந்து உண்மையைச் சொன்னாள். "எனக்கு நோய் ஒன்றுமில்லை அக்கா. இங்கே குடிவரலாமா என்று பார்க்க வந்தேன். அதற்காகத்தான் இப்படிப் படுத்தேன்."

கவுதாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நன்றாக இருக்கிறது உன் நியாயம். எங்கள் நெஞ்சு பதறிப் போச்சு. உயிரோடு விளையாடுவார்களா?" என்று பொரிந்து தள்ளியது. ஏசி முடித்ததும் கவுதாரி கேட்டது: "பிள்ளை குட்டி உண்டா?"

"ஒரே ஒரு குட்டி, அக்கா. ஊர் எல்லையில் அவன் அப்பாவோடு இருக்கிறான்."

"குட்டிப் பிள்ளையை விட்டுவிட்டா காலையிலிருந்து இங்கே படுத்துக் கிடக்கிறாய்? முதலில் போய் அவனைக் கூட்டிவா."

அன்று மாலையே சாத்தன் மூட்டையோடும் மொட்டோடும் நாச்சியின் பின்னால் வந்தான். வளையைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டியது. "மேற்கு பார்த்த வாசல். வெயில் அடிக்கும். காற்று வராது. இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவது?"

"பழகிவிடும்" என்றாள் நாச்சி. நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் அரை மனத்தோடு தலையசைத்தான்.

மறுநாள் மொட்டை வளைக்குள் உறங்க வைத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போனார்கள். வந்த மறுநாளே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல நாச்சிக்குக் கூச்சம். வெள்ளரிக் கொடிகளுக்கிடையே வண்டு தேடும்போதும் நாச்சியின் நினைவெல்லாம் வளையில்தான். பொழுது சாய்ந்ததும் இருவரும் ஓடோடி வந்தார்கள்.

வளைக்குள் மொட்டைக் காணவில்லை.

"மொட்டு! மொட்டு!" என்று சாத்தன் தெருவில் நின்று கத்தினான்.

புதருக்குள்ளிருந்து கவுதாரி தலையை நீட்டியது. அதன் ஒரு சிறகுக்கடியில் அதன் குஞ்சுகள். இன்னொரு சிறகுக்கடியில் வாய் திறந்தபடி மொட்டு உறங்கிக்கொண்டிருந்தான். சிறகில் அங்கங்கே முள் குத்திய தடம்.

"மெல்லப் பேசு தம்பி. தனியாக அழுதான், தூக்கி வந்தேன். இப்போதுதான் கண் அசந்தான்" என்றது கவுதாரி.

சாத்தன் அந்தப் புதரின் ஓரமாக உட்கார்ந்தான். பிள்ளை தானாக விழிக்கும்வரை அங்கேயே இருந்தான்.

நீதி: குடிபோகும் முன் வீட்டின் அழகைப் பார்க்காதே, அண்டை வீட்டாரின் மனத்தைப் பார்.