விரிசலுக்கு வைத்த இலைகள்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேட்டை இருந்தது. அங்கிருந்த வீட்டுச் சுவர்களில் எல்லாம் பெரிய பெரிய படங்கள் வரைந்திருந்தார்கள். அவற்றைப் பார்க்க ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடந்தே வரும். பரணீதரன் என்ற வழிகாட்டி முன்னால் நடந்து விளக்கம் சொல்வார்.

தெருவின் கடைசி வீட்டுச் சுவரில் படம் வரைய வந்த ஓவியர் கெட்டிக்காரர். அந்தச் சுவரில் கூரையோரம் தொடங்கிய ஒரு விரிசல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை அடைக்கச் சொல்லவில்லை. விரிசலையே தண்டாக வைத்து, இருபுறமும் இலை வரைந்து, கொடியாக்கிவிட்டார். இப்படி ஒரு வைத்தியம் எந்தக் கொத்தனாருக்கும் தோன்றியிருக்காது.

மழை பெய்யப் பெய்ய விரிசல் நீண்டது. நீண்ட இடத்துக்கெல்லாம் ஓவியர் வந்து புதிதாக இலை வைத்துவிட்டுப் போனார்.

"இந்தக் கொடி வளருது, பாருங்க. போன மாசம் ஜன்னலுக்கு மேலதான் இருந்துச்சு" என்பார் பரணீதரன். கூட்டம் கைதட்டும். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் சுவர் பயத்தில் கொஞ்சம் காரையை உதிர்க்கும்.

ஒரு சனிக்கிழமை, மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சுவரால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"கொடியே, நீ கொஞ்சம் விலகிக்கொள்வாயா?" என்று கேட்டது.

"விலகுவதா? எதற்கு?"

"விரிசல் வெளியே தெரிய வேண்டும்."

"விரிசல் என்று சொல்லாதே, காது கூசுகிறது. என்னைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதில் உனக்குப் பொறாமை."

"பொறாமைப்பட எனக்கு ஏது நேரம்? பயமாக இருக்கிறது. என் முதுகுப் பக்கம் ஒரு குழந்தை தூங்குகிறது."

கொடிக்கு அது புதுச் செய்தி. படத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகுப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே அது நினைத்துப் பார்த்ததில்லை.

"உன் தண்டு வழியாகவே எட்டிப் பார்" என்றது சுவர். "அந்த அளவுக்கு வாய் பிளந்துவிட்டது."

கொடி எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு சின்ன அறை. உத்திரத்தில் கட்டிய தூளியில் குழந்தை கிடந்தது. அதன் அம்மா ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். விரிசல் சின்னதாக இருந்த காலத்தில் அவளும் அதைப் பார்த்திருந்தாள். கண்ணை உறுத்தியதால் ஒரு பெரிய காலண்டரை மாட்டி மறைத்துவிட்டாள். இப்போது காலண்டர் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஃபேன் காற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தூளி அதே சுவரை உரசி ஆடியது.

"இன்னும் எவ்வளவு தாங்குவாய்?" கொடியின் குரல் இறங்கிவிட்டது.

"தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."

"பச்சையை விட்டுவிட்டால் நான் யார்?"

"விரிசல்தான்."

"அப்புறம் என்னை யார் பார்ப்பார்கள்?"



கொடிக்குத் தன் இலைகள் மேல் கொள்ளை ஆசை. ஆனாலும் ஓர் இலையை விட்டது. பச்சை மழைத் தண்ணீரோடு வழிந்து சாக்கடைக்குப் போயிற்று. அழுதுகொண்டே அடுத்ததையும் விட்டது.

ஞாயிறு காலை மழை ஓய்ந்ததும் கூட்டம் வந்தது. பரணீதரன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மொத்தமும் போச்சே" என்று சொல்லி ஓவியருக்குப் போன் போட்டார். "சாயந்தரமே வந்து இலை வெச்சுடுங்க சார். இந்தத் தடவை மழைக்குத் தாங்கற பெயின்ட்டா இருக்கட்டும்."

கொத்தனாரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வெளியே இத்தனை பேர் உச்சுக் கொட்டும் சத்தம் கேட்டு ரெஜினா வந்தாள். அவர்கள் பார்த்த இடத்தை அவளும் நிமிர்ந்து பார்த்தாள். கூரையிலிருந்து தரைவரை கறுப்பாக ஒரு பிளவு. மேலே கை நுழையும். உள்ளே ஓடிக் காலண்டரைத் தூக்கினாள். வெளியே நின்றவர்களின் சட்டை நிறம் தெரிந்தது. குழந்தையைத் தூளியிலிருந்து வாரிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடினாள்.

"செவுரு விழப் போவுதுங்க. எல்லாரும் இந்தாண்ட வந்துருங்க."

"ரெண்டே நிமிஷம்க்கா" என்றார் பரணீதரன். "பழைய போட்டோவோட சேத்துப் போட ஒண்ணு எடுத்துக்கறோம்."

ஒவ்வொருவராக வந்து சுவரோடு ஒட்டி நின்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பிளவுக்குள் விரலை விட்டும் எடுத்துக்கொண்டார்.

"குழந்தைதான் வெளியே போய்விட்டதே" என்றது கொடியாக இருந்த விரிசல். "இனி உனக்கென்ன? விட்டுவிடு."

"இவர்களும் போகட்டும்" என்றது சுவர்.

கடைசி ஆள் தெருமுனை திரும்பும்வரை அது நின்றது. பிறகு விழுந்தது.

அடுத்த ஞாயிறு பரணீதரன் செங்கல் குவியலுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தினார். "இங்க ரொம்ப அழகா ஒரு கொடி இருந்துச்சு" என்றார்.

இடுப்பில் குழந்தையோடு, குவியலுக்குள் பாத்திரம் தேடிக்கொண்டிருந்த ரெஜினா நிமிர்ந்தாள்.

"ஒரு செவுரும் இருந்துச்சுங்க" என்றாள்.