பாவாடை நாடாவை விழுங்கிய ராசு

ஒரு மாடி வீட்டில் பஞ்சு என்ற நாயும் மிளகு என்ற பூனையும் ராஜபோகமாக வாழ்ந்து வந்தன. பஞ்சு வெள்ளை, மிளகு கறுப்பு. வெள்ளைத் தரையில் மிளகின் முடி தெரியும். கறுப்பு சோபாவில் பஞ்சுவின் முடி தெரியும். தோசையில் மட்டும் இருவர் முடியும் தெரியும். அவற்றை வளர்த்த மங்கையர்க்கரசி அதையும் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறவள்.

ஒரு நாள் அந்த வீட்டுக்கு வட்டமாக, தட்டையாக ஒரு புது ஆள் வந்தது. தானே ஓடித் தரையைப் பெருக்கும் ரோபோ அது. மங்கையர்க்கரசி அதற்கு ராசு என்று பெயர் வைத்தாள்.

"ராசு, கட்டிலுக்கு அடியில போ சாமி! அங்கதான் குப்பை!" என்று கொஞ்சினாள்.

பஞ்சுவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மிளகிடம் ஓடியது.

"அக்கா! நேத்து வரைக்கும் நான்தான் சாமி. இன்னைக்கு அந்தத் தட்டு சாமியா?"

"உனக்காவது பேச்சோட போச்சு!" என்றது மிளகு. "நான் பாட்டுக்கு வெயில் காஞ்சுட்டிருந்தேன். 'வழி விடுங்கள்'னு வந்து என் வாலை இடிச்சுட்டுப் போகுது. என் வாலை!"

ராசு ஏன் வந்தது என்பது அந்த வீட்டில் ஒரு பல்லிக்குத்தான் தெரியும். அது சுவர்க் கடிகாரத்தின் பின்னால் குடியிருந்தது. பஞ்சுவையும் மிளகையும் குளிப்பாட்டி பால்கனியில் காயவிட்டிருந்த நேரத்தில், மங்கையர்க்கரசி தம்பியிடம் போனில் பேசியதை அது கேட்டது. அவளுக்கு மூச்சிரைப்பு. வீட்டில் முடி பறக்கக் கூடாது, இல்லையென்றால் நாயையும் பூனையையும் அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி சென்னியப்பன் தன் தோட்டத்துக்குக் கொண்டு போகிறேன் என்றான். "என்ற புள்ளைங்கள அனுப்ப மாட்டேன்டா!" என்று அழுத அவள், மறுநாளே ராசுவை வாங்கி வந்துவிட்டாள்.

இதைச் சொல்லிவிடத்தான் பல்லியும் பார்த்தது. ஆனால் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வது அதன் வழக்கம்.

"இச், இச், இச்!" என்று செருமியது.

மிளகு உடனே தரையைக் காலால் தட்டிக் கும்பிட்டது. அது மங்கையர்க்கரசியிடம் கற்றுக்கொண்ட பழக்கம். அந்த வீட்டில் பல்லி எந்தத் திசையில் கத்துகிறது என்று பார்ப்பார்களே தவிர, எதற்குக் கத்துகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"வடக்குச் சுவர்! நல்ல சகுனம்டா பஞ்சு! நெனச்ச காரியம் ஜெயிக்கும்!"

"என்ன காரியம் நெனச்சோம் அக்கா?"

"அந்தத் தட்டோட கதையை முடிக்கிறதுதான்!"

பல்லி பதறிப் போய் மறுபடியும் செருமியது. "பாரு, ரெண்டாவது தடவையும் சொல்லிருச்சு!" என்று மிளகு துள்ளிக்கொண்டு ஓடியது. துணிக்கூடையில் கிடந்த பாவாடையிலிருந்து நாடாவை நகத்தால் உருவியது. பஞ்சு அதை வாயில் கவ்விப் போய் ராசுவின் வழியில் போட்டது.

ராசு கள்ளங்கபடம் இல்லாதது. எதைப் போட்டாலும் சாப்பிடும். நாடாவையும் உறிஞ்சியது. "க்ர்ர்ர்" என்று ஒரு முக்கல், சிவப்பு விளக்கு, "உதவி தேவை" என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

நாடா உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டதால் மங்கையர்க்கரசியின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "ரிப்பேர் ஆயிருச்சாட்ட இருக்குது" என்று ராசுவை மூலையில் வைத்தாள். மிளகும் பஞ்சுவும் வாலை நிமிர்த்திக்கொண்டு வீட்டை வலம் வந்தன.

அந்தச் சந்தோஷம் நெடுநாள் நிலைக்கவில்லை. முடி மூலைக்கு மூலை சுருண்டு கிடந்தது. அவள் விளக்குமாற்றால் கூட்டக் கூட்ட அது எழுந்து பறந்தது. அவளுக்கு மூச்சு விசிலடித்தது. கடைசியில் போனை எடுத்தாள்.

"சென்னியப்பா, என்னால முடியலடா. வந்து ரெண்டையும் தோட்டத்துக்குக் கூட்டீட்டுப் போயிரு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரை வாங்கக் கடைக்குப் போனாள்.

பஞ்சு நடுங்கியது. "தோட்டத்துல என்னைக் கயித்துல கட்டிருவாங்களா அக்கா?"

"என்னை எலி பிடிக்கச் சொல்வாங்கடா!" என்று மிளகு அலறியது. அது எலியை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

பல்லியால் பொறுக்க முடியவில்லை. செருமினால் சகுனம் பார்ப்பார்கள் என்று செருமாமல் ஒரே தாவலாகப் பஞ்சுவின் தலையில் விழுந்தது.

"ஐயோ! பல்லி தலையில விழுந்துருச்சு! என்ன பலனோ!" என்று பஞ்சு கத்தியது.

"பலனை அப்புறம் பாரு! முதல்ல நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேளு!" என்று பல்லி அதட்டியது. தான் கேட்டதை எல்லாம் கொட்டித் தீர்த்தது.

மிளகின் முகம் தொங்கிப்போயிற்று. "நாம இங்க இருக்கணும்னு வாங்கிட்டு வந்ததையா முடக்கிப் போட்டோம்?"

"அழ நேரமில்ல. உனக்கு நகம் இருக்கு, அவனுக்குப் பல் இருக்கு!" என்றது பல்லி.

பஞ்சு மூக்கால் முட்டி ராசுவை மல்லாத்தியது. மிளகு நகத்தை விட்டு நாடாவின் நுனியைத் தோண்டி எடுத்தது. பஞ்சு அதைப் பல்லால் பிடித்து இழுத்தது. இழுத்த இழுப்பில் நாடா வர, பஞ்சு குட்டிக்கரணம் அடித்துச் சோபாவில் மோதியது. பிறகு இரண்டுமாகச் சேர்ந்து ராசுவை நிமிர்த்தின. மிளகு அதன் முதுகுப் பொத்தானில் ஏறி நின்றது.

"வழி விடுங்கள்!" என்றது ராசு.

"வந்து இடிச்சுக்கோடா தம்பி! வாலைக்கூட இடிச்சுக்கோ!" என்றது மிளகு.

மங்கையர்க்கரசி திரும்பி வந்தபோது சென்னியப்பனும் கயிறும் கூடையுமாக உடன் வந்தான். கதவைத் திறந்தால், ராசு கூடத்தில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாதித் தரை கண்ணாடி போல இருந்தது. மிளகும் பஞ்சுவும் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. பஞ்சுவின் வாயிலிருந்து எச்சில் சொட்டச் சொட்ட ஒரு நாடா தொங்கியது.

"அட திருட்டுப் பசங்களா, இது என்ற பாவாடை நாடா!" என்று மங்கையர்க்கரசி இருமி இருமிச் சிரித்தாள். இரண்டையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஏனக்கா, கூடையில போடட்டுமா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"கூடையைக் கொண்டுபோய் வண்டியில வெச்சுட்டு வாடா. காப்பி குடிச்சுட்டு நீ மட்டும் போ!"

பொறாமை கண்ணைக் கட்டினாலும், காதைத் திறந்து வைத்திருப்பவர் கெட்டுப் போவதில்லை.