நாரை டீச்சரும் தவளைக் கச்சேரியும்

அல்லிக்குளத்துத் தவளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது ஒரு நாரை. அதன் பெயர் சிந்தாமணி.

"தவளைக்கு நாரை வாத்தியாரா!" என்று காடே சிரித்தது. ஆனால் சிந்தாமணிக்குச் சங்கீதம் என்றால் உயிர். எந்த மரத்தில் குயில் பாடினாலும், எந்த ஓடையில் சில்வண்டுகள் கூடினாலும், அங்கே ஒற்றைக் காலில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் திரும்பும். பாவம், அதற்குக் குரல் மட்டும் இல்லை. நாரைகளால் பாட முடியாது. அலகைத் தட்டத்தான் முடியும். அதனால் தன் மனதுக்குள் ஓடும் பாட்டையெல்லாம் தவளைகளின் தொண்டையில் கேட்க ஆசைப்பட்டது.

"இந்தக் குளத்து உயிர் ஒண்ணைக்கூட என் அலகு தொடாது. எனக்கு ஆத்து மீன் போதும்" என்று சத்தியம் செய்தது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியது.

தவளைகளும் நம்பின. மாலையானால் அல்லி இலைகளில் வரிசையாக வந்து உட்காரும். சிந்தாமணி அலகைத் தட்டித் தாளம் போடும். குண்டப்பன் அடித்தொண்டையில் தொடங்கும். மரகதம் மேலே ஏறிப் பாடும். சொக்கி என்றொரு தவளை மட்டும் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் சேரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் மழை வரவேற்பு விழாவில் பாட அல்லிக்குளத்துக்கு முதல் முறையாக அழைப்பு வந்தது. தவளைகள் குதித்துக் கூத்தாடின.

அதற்கு முன்பாக, பக்கத்துக் காட்டில் கொண்டைக்குருவிகள் கச்சேரி நடந்தது. சிந்தாமணி கேட்கப் போனது. ஒரு சுரம் பிசகவில்லை! அது வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு மயில் சொன்னது:

"அடுத்து தவளைக் கச்சேரியாம்! காதுல அடைக்கப் பஞ்சு எடுத்துட்டு வரணும்!"

சுற்றியிருந்தவை எல்லாம் சிரித்தன. சிந்தாமணிக்கு அன்று மீன் இறங்கவில்லை.

மறுநாள் பாடம் தொடங்கியது.

"நிறுத்து! குண்டப்பா, சுருதி எங்கே போகுது?"

"நிறுத்து! மரகதம், கத்தாதே!"

"நிறுத்து! மறுபடியும் முதல்லேருந்து!"

ஒவ்வொரு 'நிறுத்து'க்கும் அந்த நீண்ட அலகு இலைக்கு இன்னும் அருகே வந்தது. தவளைகளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிழை கூடியது. பிழை கூடக்கூடச் சிந்தாமணியின் படபடப்பும் கூடியது.

கடைசியில் அது சொக்கியின் பக்கம் திரும்பியது. "நீ விழாவுல வாயை மட்டும் திற. சத்தம் வேண்டாம்."

சொக்கியின் தொண்டைப் பை சுருங்கிப்போனது. "சரிங்க டீச்சர்" என்றது.

பாடம் முடிந்ததும் குண்டப்பன் மரகதத்திடம் கிசுகிசுத்தது.

"டீச்சர் கிட்ட வந்தா எனக்குப் பயமா இருக்கு!"

"சத்தியம் பண்ணியிருக்காங்களே!"

"சத்தியம் என் மூளைக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியலையே! அது தானா குதிக்கப் பாக்குது."

விழா நாள் வந்தது. மேகம் கறுத்துத் தொங்கியது. மான்கள், முயல்கள், யானைகள் எல்லாம் குளக்கரையில் கூடின. மயிலும் வந்து முன்னால் உட்கார்ந்தது.

தவளைகள் இலைகளில் ஏறின. சிந்தாமணி இலைகளுக்கு முன்னால் வந்து நின்றது. பாட்டு நினைவில் இல்லை. 'யார் தப்புப் பண்ணப் போறாங்க? யாரு?' என்ற ஒரே நினைப்புதான். உடம்பைத் தாழ்த்தியது. கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது. அலகை நீட்டி, கண் கொட்டாமல் ஒவ்வொரு தவளையாகப் பார்த்தது.

இரையைக் குத்தும் முன் நாரை அப்படித்தான் நிற்கும். அதைத் தவளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"டக்!" என்று அலகு தட்டியது.

பொளக்! பொளக்! பொளக்! அத்தனை தவளைகளும் தண்ணீருக்குள் பாய்ந்தன. வெறும் இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"ஆகா! அருமையான கச்சேரி!" என்று மயில் சிரித்தது.

சிந்தாமணிக்கு ஆத்திரம் பொங்கியது. திட்டுவதற்காகத் தண்ணீரை நோக்கிக் குனிந்தது. அங்கே தன் உருவத்தையே கண்டது. இழுத்த கழுத்து, நீட்டிய அலகு, வெறித்த கண். திடுக்கிட்டுப் பின்வாங்கியது.

"ஐயோ! பாட வைக்கவா நிக்கிறேன்? வேட்டையாடத்தானே நிக்கிறேன்!"

தூரத்தில் குண்டப்பனின் இரண்டு கண்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

"குண்டப்பா, எல்லாரும் சிரிப்பாங்கன்னு நான் பயந்துட்டேன். அந்தப் பயத்தை உங்க தலையில கொட்டிட்டேன்" என்றது சிந்தாமணி.

"உங்களுக்குக்கூடப் பயமா, டீச்சர்?"

"காலையிலேருந்து கால் நடுங்குதுப்பா!"

தண்ணீருக்குள் சலசலப்பு. பிறகு மரகதத்தின் குரல் கணீரென்று கேட்டது. "அப்போ அந்த அலகை உள்ளே வைங்க!"

காடே பார்த்துக்கொண்டிருக்க, சிந்தாமணி அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. கண்களை மூடியது. ஒரு காலால் தண்ணீரை மெல்லத் தட்டித் தாளம் போட்டது.

யாரும் வரவில்லை. மீண்டும் தட்டியது. முயல்கள் கிளம்ப எழுந்தன. சிந்தாமணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு இலை அசைந்தது. குண்டப்பன் தொடங்கியது! மரகதம் சேர்ந்தது! மற்றவையும் ஒவ்வொன்றாக ஏறின. இரண்டாம் அடியில் பாட்டு தடுமாறியது. தாளம் நிற்கவில்லை. தவளைகள் தாமாகவே சமாளித்து மேலே போயின. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. மயில் ஏதோ சொன்னது. அது யார் காதிலும் விழவில்லை.

பாட்டு முடிந்தது. ஆரவாரம் எழுந்தது. சிந்தாமணி கண்ணைத் திறந்து பார்த்தது. ஒரு இலை மட்டும் காலியாக இருந்தது.

சொக்கி கரையோரக் கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"சொக்கி, வா. குரலோட வா" என்று சிந்தாமணி கெஞ்சியது.

"வாயைத் திறந்தா சத்தம் வரமாட்டேங்குதுங்க, டீச்சர்."

அதன்பின் சிந்தாமணி, பாடம் முடிந்த ஒவ்வொரு மாலையும் அந்தக் கல்லருகே வந்து, சற்றுத் தள்ளி நின்றது. பாடச் சொல்லவில்லை. சும்மா நின்றது. மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் கல்லடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பாட்டா, இருமலா என்று தெரியவில்லை. சிந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகராமல் கேட்டது.

தன் பயத்தை அடக்கத் தெரியாதவர் பிறரை நடத்தப் போனால், அடங்கிப்போவது அவர் பயமல்ல, பிறர் குரல்.