இறுக்கிப் பிடித்த ஹெட்ஃபோன்

ஒரு வீட்டுக்கு ஒரு ஹெட்ஃபோன் வாழ வந்தது. வீடு மதுரையில், இரண்டாவது மாடியில். வரவழைத்தவள் பரிமளா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பகலெல்லாம் பிள்ளைகளின் இரைச்சல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவியின் இரைச்சல். நடுவில் ஒரே ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா இது? இல்லையே! ஆனால் அந்த வீட்டில் அது நடக்கிற காரியமாக இல்லை.

ஹெட்ஃபோனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விலையில் அது நடுத்தரம். நடுத்தரமாகப் பிறந்தவர்கள் பாடு எங்கே போனாலும் ஒன்றுதான். லட்ச ரூபாய் ஹெட்ஃபோன்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ரோட்டுக்கடையில் கொத்தாகத் தொங்கும் இயர்ஃபோன்களோ, "இவ்வளவு கொடுத்து இதை எவன் வாங்குவான்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இதையெல்லாம் பார்த்துப் பயந்துபோன ஹெட்ஃபோன், பெட்டிக்குள் கிடந்த நாளெல்லாம் ஒரே ஒரு முடிவில் இருந்தது. 'எந்தத் தலை கிடைத்தாலும் சரி, கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். செத்தாலும் விடமாட்டேன்.'

பிடித்தது பாருங்கள், ஒரு பிடி!

"ஐயோ, யாருப்பா அது?" என்று அலறியது மூக்குக்கண்ணாடி. பரிமளாவின் காதுக்குப் பின்னால் சொகுசாகக் கால் நீட்டிப் பழகிய கண்ணாடி அது. "என் காலைக் கொண்டுபோய் மண்டையில வச்சு அழுத்துறியே, முறிஞ்சிரப்போகுது!"

"மன்னிச்சிருங்கய்யா. புது இடம். விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு."

"விழுந்தா விழு! அதுக்கு என்னை ஏன் நசுக்குற?"

கீழே காதுமடலில் இருந்த சிவப்புக்கல் தோடும் சேர்ந்துகொண்டது. "நல்லாக் கேளுங்கண்ணே! என் திருகாணி பின்னாடி போய்க் குத்துது. கல்யாணத்தன்னைக்கே இந்தக் காதுக்கு வந்தவ நான். என்னை ஒருத்தர் இப்படி அமுக்கினதில்ல. நேத்து வந்ததுக்கு என்ன அதிகாரம் பாருங்க!"

ஹெட்ஃபோன் கூனிக் குறுகியது. ஆனால் பிடியை மட்டும் விடவில்லை.

சரி, பாட்டாவது ஒழுங்காக வந்ததா என்றால், அதுவும் இல்லை. செல்ஃபோனில் ஒயரைச் செருகிச் சத்தத்தை முழுக்க ஏற்றியும் பாட்டு ஏதோ பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரிதான் கேட்டது.

"கொஞ்சம் பலமாத் தள்ளுங்களேன்" என்று செல்ஃபோனிடம் கெஞ்சியது ஹெட்ஃபோன்.

"இதுக்கு மேல என் உசிரைத்தான் தள்ளணும்!" செல்ஃபோனுக்கு மூச்சு வாங்கியது. "குட்டி இயர்ஃபோன்னா நான் ஊதினாலே ஆடும். நீ என்னடான்னா அசையவே மாட்டேங்கிற. பேட்டரி இறங்கினதுதான் மிச்சம்."

இது போதாதென்று, ஹாலில் டிவி. பரிமளாவின் வீட்டுக்காரர் அருணகிரி லாரி புக்கிங் ஆபீஸில் மேனேஜர். சாயங்காலமானால் நாற்காலியை இழுத்துப் போட்டு விவாத நிகழ்ச்சி பார்ப்பார். டிவியில் நாலு பேர் கத்துவார்கள். ஐந்தாவதாக இவர் கத்துவார். அந்தச் சத்தமெல்லாம் ஹெட்ஃபோனின் முதுகு வழியாகத் தங்குதடையின்றி உள்ளே வந்தது.

ஏனென்றால் ஹெட்ஃபோனின் முதுகு மூடியில்லாத வெறும் கம்பி வலை. காற்றோட்டம் இருந்தால் பாட்டு விசாலமாகக் கேட்கும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். உள்ளே பாடுவது வெளியே ஒழுகும், வெளியே கத்துவது உள்ளே புகும்.

"என்னடா, ஓட்டைக் காது!" என்று டிவி அதைக் கூப்பிட ஆரம்பித்தது. "இந்த வீட்ல என்னை மீறி ஒருத்தன் பாடிருவானா? வந்த வழியே போய்ச் சேரு."

ஹெட்ஃபோனுக்கு அழுகையே வந்துவிட்டது. 'நானும் என் சொந்தக்காரர்கள் சிலரைப் போல முதுகை அடைத்துக்கொண்டு பிறந்திருக்கக் கூடாதா? இந்த அம்மாவுக்கு நிம்மதியாக ஒரு பாட்டுக் கொடுத்திருப்பேனே!' என்று உள்ளுக்குள் மறுகியது.

மூன்று சாயங்காலம் பரிமளா பொறுத்துப் பார்த்தாள். நாலாவது நாள் தம்பி ஞானசேகரைப் போனில் பிடித்தாள். பாட்டுக் கருவிகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. ஹெட்ஃபோனைச் சிபாரிசு செய்ததும் அவன்தான்.

"உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! தலையைப் பிடிச்சு நசுக்குது. பாட்டு முனகுது. போதாததுக்கு உங்க மாமாவோட டிவி வேற உள்ள வருது. வாங்கின ஆன்லைன் கடைக்கே திருப்பி எடுத்துக்கச் சொல்லிப் போட்டுட்டேன்டா. சனிக்கிழமை காலையில வர்றாங்க."

மேஜைமேல் இருந்த ஹெட்ஃபோன் இதைக் கேட்டுவிட்டது. குலை நடுங்கிப்போனது அதற்கு. திரும்பிப் போன ஹெட்ஃபோனின் கதி என்ன தெரியுமா? 'பெட்டி பிரித்த சரக்கு' என்று நெற்றியில் ஒட்டிக் கிடங்கு மூலையில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் எந்தத் தலையில் ஏறுவது?

பயந்தவன் என்ன செய்வான்? தெரிந்த ஒன்றையே இன்னும் பலமாகச் செய்வான். மறுநாள் பரிமளா அதை எடுத்து மாட்டியபோது முன்னைவிட இறுக்கிப் பிடித்தது. பத்து நிமிஷத்தில் அவள், "சனியனே!" என்று கழற்றிப் போட்டுவிட்டுத் தைலத்தைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞானசேகர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஆனால் கனம்.

"இது ஆம்ப்ளிஃபயர்க்கா. என்னோடது. உன் ஹெட்ஃபோன் முந்நூறு ஓம், ஓட்டுறதுக்குத் தெம்பு நிறைய வேணும். அதைச் செல்ஃபோன்ல மாட்டினா முனகத்தான் செய்யும். இதுல மாட்டி ஒரே ஒரு பாட்டுக் கேளு. பிடிக்கலையா, நானே பேக் பண்ணித் தந்துட்டுப் போறேன்."

"உனக்கு வேற வேலையே இல்லடா" என்றாள் பரிமளா. ஆனாலும் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஒயர் செருகியதும் ஆம்ப்ளிஃபயர் கனைத்துக்கொண்டது. "என்ன தம்பி, இப்படி நடுங்குற?"

"நாளைக்கு என்னை அனுப்பிருவாங்கண்ணே."

"சரி, அதுக்கு?"

"அதான் விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

"நல்லாப் பிடிச்ச, போ!" ஆம்ப்ளிஃபயர் வயிறு குலுங்கச் சிரித்தது. "நீ பிடிக்கவா வந்த, பாட வந்தியா?"

"பாடுறதுக்குத் தெம்பு இல்லையேண்ணே. அதோட முதுகு வேற ஓட்டை."

"யாரு சொன்னா ஓட்டைன்னு? அது ஜன்னல்டா கிறுக்கா! தெம்பை நான் தரேன். நீ வாயைத் திற."

திறந்தது ஹெட்ஃபோன்.

பரிமளா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல வருஷமாக அவளுக்கு மனப்பாடமான பாட்டுத்தான் அது. ஆனால் இன்றைக்குப் பாடகி எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள். வீணை இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம், எங்கோ பின்னால் யாரோ தாளத்தைச் சின்னதாகத் தட்டுவதுகூடக் கேட்டது.

"டேய் சேகரு!" தான் கத்துகிறோம் என்றே தெரியாமல் கத்தினாள். "இந்தம்மா பாடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறாங்கடா! இத்தனை நாளா இது எங்கடா இருந்துச்சு?"

"அங்கேயேதான்க்கா இருந்துச்சு" என்றான் அவன். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு. டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டான்.

ஹெட்ஃபோன் பாடியது, பாடியது, அப்படிப் பாடியது! கண்ணாடிகூட வலியை மறந்து, "பரவாயில்லையே, சரக்கு இருக்கு" என்று தோட்டிடம் முணுமுணுத்தது. "குரல் நல்லாத்தான் இருக்கு, பிடிதான் ராட்சசப் பிடி" என்றது தோடு. ஹெட்ஃபோனுக்கும் அது தெரிந்தது. தளர்த்திக்கொள்ள ஆசைதான். ஆனால் அதன் எலும்பு எஃகு. நினைத்த மாத்திரத்தில் நெகிழுமா? இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த அம்மாவுக்குத் தலை வலிக்கும், கழற்றிவிடுவாள், விடிந்தால் சனிக்கிழமை. அந்தக் கவலையோடேதான் அது பாடியது.

அப்போதுதான் அது நடந்தது.

ஹாலில் விவாதம் உச்சத்தில் இருந்தது. அருணகிரி எழுந்து நின்று டிவியை நோக்கி விரலை நீட்டியவர், அப்படியே நின்றார். எங்கேயோ மெலிசாக வீணை கேட்டது. அறைக்குள்ளிருந்து ஒழுகி வந்த சத்தம் அது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான் இருந்தது. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்தினார்.

"யோவ்! நான் பேசிக்கிட்டிருக்கேன்ல!" என்றது டிவி. அதன் வாய் அசைந்ததே ஒழிய, சத்தம் வரவில்லை.

கத்திக் கத்தி மல்லுக்கட்ட வேண்டும் என்று ஹெட்ஃபோன் நினைத்திருந்த டிவியை, ஹெட்ஃபோனின் ஓட்டை முதுகில் ஒழுகிய முணுமுணுப்பு ஊமையாக்கிவிட்டது!

அருணகிரி பூனை மாதிரி அறைக்குள் வந்து, பரிமளாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். தன் காதைக் கொண்டுபோய் அவள் காதோரம் வைத்தார். கன்னம் கன்னத்தில் இடித்தது.

"என்னங்க இது? சேகர் வந்திருக்கான்!"

"சும்மா இரு. வீணை என்னமா வாசிக்கிறாரு!"

கண்ணாடி வெட்கத்தில் மூக்கின் நுனிக்குச் சறுக்கியது. தோட்டுக்கு ஒரே குஷி. "கல்யாணம் ஆன புதுசுல பார்த்தது" என்று சொல்லிச் சிரித்தது.

"குடு, நானும் கேட்டுப் பார்க்கிறேன்" என்று அருணகிரி கையை நீட்டினார்.

ஹெட்ஃபோனுக்கு உயிரே போய்விட்டது. ஏனென்றால் அருணகிரியின் தலை சாதாரணத் தலை அல்ல. ஊரில் எந்த ஹெல்மெட் கடையிலும் அதற்குச் சைஸ் கிடையாது. "அண்ணே, நான் ரெண்டாப் பிளந்துருவேன்!" என்று அது கதறியது.

"பாட்டை விட்டுறாத!" என்றது ஆம்ப்ளிஃபயர்.

அருணகிரி அதை விரித்து மாட்டினார். எஃகு முறுமுறுவென்று முனகியது. பிளந்துவிட்டோம் என்றே ஹெட்ஃபோன் நினைத்தது. பிளக்கவில்லை. அந்தப் பெரிய தலையில் அகலக் கையை விரித்து உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய தலையை இறுக்கிப் பிடிப்பது நடக்காத காரியம். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நினைப்பையே விட்டுவிட்டுப் பாடியது.

அருணகிரி அசையவில்லை. அடுத்த பாட்டில் தவில் வந்தபோது தொடையில் தாளம் போட்டார். டீ ஆறிப்போனது. "மாமா, சாப்பிட வாங்க" என்று சேகர் கூப்பிட்டான். கையை மட்டும் ஆட்டினார். தோசையைத் தட்டில் வைத்துக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள் பரிமளா. மாட்டியபடியே தின்றார். ஹாலில் டிவி வாயை அசைத்து அசைத்துப் பார்த்து, யாரும் வராததால் தானாகவே அணைந்துபோனது.

வெகுநேரம் கழித்துக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "மாப்ள, உலகத்துல இவ்வளவு சத்தம் இருக்கா! நான் இத்தனை நாளா எதைடா கேட்டுக்கிட்டிருந்தேன்?" என்றார்.

சேகர் சிரித்துக்கொண்டே எழுந்தான். ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளாமலே கிளம்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை பரிமளா ஹெட்ஃபோனை மாட்டினாள். மாட்டியவள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன, நீ வந்துட்டியா இல்லையா?" என்று கேட்டது கண்ணாடி.

"இங்கதான்யா இருக்கேன்."

"தெரியவே இல்லையே!" என்றது தோடு. "பஞ்சு மாதிரி இருக்க. இப்படி இருந்திருந்தா நாங்க ஏன் சண்டைக்கு வர்றோம்?"

ஹெட்ஃபோனுக்கே ஆச்சரியம். அந்தப் பெரிய தலை அதன் எலும்பை விரித்துவிட்டிருந்தது. வலிக்காமல், நசுக்காமல், சும்மா அப்படியே இருக்க முடிந்தது. ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. வாசலில் மணி அடித்தது. அது முதுகு வழியாகத் தெளிவாகவே கேட்டது.

பரிமளா பாட்டோடேயே எழுந்தாள். நீளமான ஒயர் பின்னாலேயே வந்தது. கதவைத் திறந்தால் கூரியர்க்காரர் நின்றார். "ஹெட்ஃபோன் ஒண்ணு திருப்பி எடுக்கணும்னு இருக்குங்க மேடம். தர்றீங்களா?"

ஹெட்ஃபோன் பாட்டை நிறுத்தவில்லை. 'போகச் சொன்னால் போக வேண்டியதுதான். போகிறவரை பாடலாம்' என்று தன்னைத் தேற்றிக்கொண்டது. பழைய பயம் வந்து, இப்போதாவது பிடி, பிடி என்றது. பிடிக்கத்தான் அதனிடம் இறுக்கம் இல்லையே.

"ஐயையோ, இல்லங்க! அதெல்லாம் தர முடியாது!" பரிமளா பதறிப்போய்த் தலையைப் பலமாக ஆட்டினாள். ஆட்டிய ஆட்டத்தில் தளர்ந்திருந்த ஹெட்ஃபோன் தலையிலிருந்து நழுவியது. எதற்குப் பயந்து பயந்து செத்ததோ அது நடந்தேவிட்டது. தரை மேலே மேலே வந்தது.

பரிமளா ஒரு கையால் தாவிப் பிடித்தாள். ஹாலிலிருந்து பனியனோடு பாய்ந்து வந்த அருணகிரி இரண்டு கையாலும் பிடித்தார். ஓடி வந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கூரியர்க்காரரும் கையிலிருந்த பார்சலைப் போட்டுவிட்டுக் கீழே கையை ஏந்தி நின்றார். கடைசியில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அத்தனை கைகளுக்கு நடுவில் தொங்கியபடி, பாட்டை விடாமல் பாடிக்கொண்டிருந்த ஹெட்ஃபோனுக்கு அப்போதுதான் புரிந்தது, பிடித்துக்கொள்வது தன் வேலையே இல்லை என்று.