கேளையாட்டுக்கு ஒரு கல்

கொடைக்கானலுக்கு மேலே, பிளம்ஸ் தோட்டமெல்லாம் முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்தில் செண்பகவல்லியம்மா குடிசை போட்டிருந்தாள். சாமியாரம்மா என்பார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. அவளிடம் சீடனாக வந்து சேர்ந்த வைரவமூர்த்திக்கு அறுபது தாண்டிவிட்டது. திண்டுக்கல்லில் மரக்கடை வைத்திருந்த ஆள். கோபம் என்றால் அப்படி இப்படிக் கோபமில்லை, சோற்றுத் தட்டு சுவரில் போய் அடிக்கும். தட்டு பறந்து பறந்து, கடைசியில் பெண்டாட்டி மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் இவரை வாசலோடு அனுப்பிவிட்டான்.

வந்த அன்றே கேட்டார். “இந்தப் பாழாப்போன கோபம் எப்படிம்மா போகும்?”

“சொல்றேன். அதுவரைக்கும் விடிஞ்சதும் கொல்லைப் பக்கம் உட்காருங்க. என்ன வருதோ பாருங்க. கை மட்டும் மடியிலயே இருக்கட்டும்.”

சித்திரை மாதம். பனி விலகுவதற்குள் கொல்லையில் சந்தை கூடிவிடும். மலையணில், காட்டுக்கோழி, கருமந்தி என்று ஒவ்வொன்றாக வரும். கூடவே ஒரு பெட்டைக் கேளையாடும் வந்தது. மான் ஜாதிதான், ஆனால் வெள்ளாட்டு உயரம். இலை அசைந்தால் போதும், நாய் மாதிரி குரைத்துவிட்டு ஓடிவிடும். அது ஓடுகிற ஓட்டம் மூர்த்திக்கு வலித்தது. வீட்டிலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லாரும் இப்படித்தான் உள்ளே ஓடினார்கள்.

கை மடியில் இருக்குமா? ஒரு பிளம்ஸ் பழத்தை உருட்டிவிட்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. மாதம் முடிவதற்குள், நாக்கைத் தட்டிக் கூப்பிட்டால் வந்து உள்ளங்கையிலேயே தின்ன ஆரம்பித்தது. தன்னைக் கண்டு பயப்படாத ஓர் உயிர் என்று மனிதர் கண் கலங்கிவிட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்படித் தின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் கல் வந்து விழுந்தது. கேளையாடு விலாவில் அடிபட்டு, துள்ளிப் புதருக்குள் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் செண்பகவல்லியம்மா, கையில் இன்னொரு கல்லோடு.

மூர்த்திக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. “அறிவிருக்கா உனக்கு? வாயில்லா ஜீவனை அடிக்கிற நீயெல்லாம் சாமியாரம்மாவா? உன் கால்ல போய் விழுந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்!”

“கத்தி முடிச்சாச்சா?” அவள் முகமும் சிவந்துதான் இருந்தது. “நேத்து சாயங்காலம் கீழ காட்டேஜுக்கு வந்தவனுங்க நாக்கைத் தட்டினானுங்க. இது நேரா அவனுங்ககிட்ட போச்சு.”

“போனா என்ன?”

“ஒருத்தன் கையில பழம். பின்னாடி நின்னவன் கையில சுருக்குக் கம்பி. நான் கத்தின கத்துல தப்பிச்சு ஓடிவந்துச்சு. கெடுத்துட்டியேம்மா, நல்ல கறின்னு என்னையே திட்டுறானுங்க.”

“அவனுங்க கையை உடைக்கிறேன்!” என்று மூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“உடைங்க. அடுத்து வர்றவன் கையை யார் உடைக்கிறது? அதுக்கு அடுத்து வர்றவன் கையை?”

மூர்த்தி நின்றுவிட்டார்.

“அதுக்குக் கொம்பில்ல, நகமில்ல. இருந்தது பயம் ஒண்ணுதான். அதையும் பழத்தைக் கொடுத்துப் பிடுங்கிட்டீங்க.” கையிலிருந்த கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “நான் அடிச்சா என்னைக் கண்டு மட்டும்தான் ஓடும். பழம் கொடுத்த கையே அடிச்சாத்தான் எந்த மனுசனையும் நம்பாது. நீங்க அடிக்கணும்.”

மறுநாள் விடிந்ததும், அடிபட்ட வலியோடு லேசாக நொண்டிக்கொண்டே அது வந்தது. மூர்த்தி கல்லை எறிந்தார். எறிந்தார் என்று பேர்தான், பழத்தை உருட்டுகிற மாதிரியே உருண்டு போனது. கேளையாடு கிட்டே வந்து கல்லை முகர்ந்தது. பழமில்லை என்று தெரிந்ததும் தலையைத் தூக்கி அவர் கையைப் பார்த்தது.

“என்னால ஆகாதும்மா. கோபமே வரமாட்டேங்குது.”

செண்பகவல்லியம்மாவுக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! “கட்டினவ மேல வந்துச்சுல்ல? பெத்த பிள்ளை மேல வந்துச்சுல்ல? சாம்பார்ல உப்பு கொறைஞ்சதுக்கெல்லாம் வந்துச்சுல்ல? ஒரு உசிரைக் காப்பாத்த ஒரே ஒரு தடவை கேட்டா மட்டும் வராதா? எறிங்கய்யா!”

எறிந்தார். இந்தத் தடவை தட்டை எறிகிற அதே கை. “போ! போய்த் தொலை!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கீழே கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தார். கேளையாடு சரிவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. காட்டுக்குள்ளிருந்து குரைத்தது. விடாமல் குரைத்தது.

மூர்த்தி தொப்பென்று உட்கார்ந்தார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“இனிமே என்னைக் கண்டாலும் ஓடும்.”

“ஓடும்.”

“அப்புறம் நான் எதுக்கு இங்க உட்காரணும்?”

“நாளைக்கும் உட்காருங்க” என்றாள். “உங்களைப் பார்த்ததும் குரைக்கும். உசிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.”