திட்டுக்குப் பயந்து ஒளிந்த கரடி

மலையடிவாரக் காட்டில் சடைச்சி என்றொரு பெண் கரடி இருந்தது. அது தன் குட்டியை எப்போதும் முதுகில் சுமந்துதான் திரியும். கரடிகளின் வழக்கம் அது. தாயின் முடியைப் பிடித்துக்கொண்டால் போதும், குட்டிக்குக் காட்டில் எந்தப் பயமும் இல்லை.

அதே காட்டில் புங்கமரத்தடியில் வெள்ளச்சி என்ற மந்தி வைத்தியம் பார்த்து வந்தது. நல்ல கைராசி. முள் எடுக்கும், புண் கழுவும், பச்சிலை வைத்துக் கட்டும். ஒரே குறை, அதனிடம் மருந்தைவிட வசவு அதிகம்.

இலுப்பை மரங்களுக்குக் கீழே ஒரு பாறைக்குழி உண்டு. உதிர்ந்த பூக்கள் அதில் ஊறிப் புளித்து நுரைக்கும். சடைச்சி அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பழகியிருந்தது. முதலில் ஒரு வாய், பிறகு வயிறு முட்ட. குடித்துவிட்டு நடந்தால் கால் பின்னும். முள்ளை மிதிக்கும், பாறையில் மோதும். அப்புறம் நொண்டிக்கொண்டே புங்கமரத்தடி வரிசையில் வந்து நிற்கும்.

"மறுபடியும் குடிச்சியா? முதுகுல பிள்ளையை வச்சுக்கிட்டுத் தள்ளாடுறியே, நீயெல்லாம் ஒரு தாயா!" என்று வெள்ளச்சி எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போடும்.

வரிசையில் நிற்கும் காட்டுப்பன்றி வாய்விட்டுச் சிரிக்கும். மான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சடைச்சி தலையைக் குனிந்துகொண்டு போகும். அங்கிருந்து நேராகப் பாறைக்குழிக்குத்தான் போகும். அத்தனை அவமானத்தை அது வேறெங்கே கொண்டுபோய் இறக்கும், பாவம்!

ஒரு கட்டத்தில் சடைச்சி வைத்தியத்துக்கு வருவதே நின்றுபோனது. வெள்ளச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தான் போட்ட போட்டில் கரடி திருந்திவிட்டது என்று போகிற வருகிற எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டது.

ஒருநாள் காலை பச்சிலை பறிக்கப் போன வெள்ளச்சிக்குப் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தால் சடைச்சி. அதன் மடியில் குட்டி. குட்டியின் கால் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. தாய் தடுமாறியபோது முதுகிலிருந்து பாறையில் விழுந்திருக்கிறது. விழுந்து பல நாளாகிவிட்டது.

"இத்தனை நாள் ஏன் வரலை?"

"தினமும் இந்தப் புதர் வரைக்கும் வருவேன் அக்கா. அந்த வரிசையைப் பார்த்ததும் கால் எழும்பாது. தப்பு என் மேலதான், தெரியும். அதை எல்லார் முன்னாலயும் கேட்கத்தான் எனக்குத் தெம்பில்லை."

வெள்ளச்சியின் நாக்கு நுனிவரை வசவு வந்தது. குட்டியின் காலைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தக் கால் போயிருக்கும். தாமதத்துக்குக் காரணம் குடி மட்டுமல்ல, தன் வாயும்தான் என்பது அதற்குச் சுருக்கென்று உறைத்தது.

சீழை எடுத்து, கழுவி, இலை வைத்துக் கட்டியது. குட்டி வலி அடங்கித் தூங்கியது. அதன்பிறகு வெள்ளச்சி கரடியின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டது.

"அதைக் குடிச்சா உனக்கு என்ன கிடைக்குது, சடைச்சி?"

அந்தக் காட்டில் யாரும் சடைச்சியை இப்படிக் கேட்டதில்லை. அது குட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது. பிறகு சொன்னது. போன மழைக்காலத்தில் அதற்கு இரண்டு குட்டிகள். ஒன்றை ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கண்ணை மூடினால் அதன் அழுகை கேட்கிறது. குடித்தால் கேட்பதில்லை.

வெள்ளச்சி கரடியின் தோளில் கை வைத்தது. பிறகு வைத்தியராகத் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னது. அந்தத் தண்ணீர் ஈரலைக் கெடுக்கும், காலைத் தள்ளாட வைக்கும், முதுகில் இருக்கும் குட்டி மறுபடி விழும் என்றது. குறைத்துக்கொள்ளத் தோன்றுகிறதா என்று கேட்டது.

"தோணுது அக்கா. ஒரேயடியா விட முடியுமான்னுதான் தெரியலை."

"எது முடியும்னு நீயே சொல்லு."

சடைச்சி யோசித்தது. குட்டி முதுகில் இருக்கும்போது இலுப்பைப் பக்கமே போவதில்லை என்றது. பூ மேல் ஆசை வந்தால் விடிகாலையில் உதிர்ந்த புதுப்பூவைத் தின்றுகொள்கிறேன், குழியில் வாய் வைப்பதில்லை என்றது. அழுகை கேட்டால் என்ன செய்வது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. "அப்போ என்கிட்ட வந்து உட்காரு" என்றது மந்தி.

அன்றுமுதல் வெள்ளச்சி யார் வந்தாலும் மரத்துக்குப் பின்னால் தனியாக அழைத்துப்போய், காய்ச்சலைக் கேட்கிற அதே குரலில் குடியையும் கேட்டது. காட்டுப்பன்றியையும் கேட்டது. பார்த்தால், அந்தக் குழியைப் பாதி காலி செய்தது பன்றிதான்!

சடைச்சியின் நாட்கள் மெல்ல நல்லபடியாகப் போயின. குட்டி கால் ஊன்றி நடந்தது. பிறகு ஒரு பெருமழை வந்தது. ஓடை இரைந்த இரைச்சலைச் சடைச்சியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அது புங்கமரத்தடிக்கு வந்தது. புதரில் ஒளியவில்லை. வரிசையைத் தாண்டி நேராக வந்து நின்றது.

"நேத்து குடிச்சுட்டேன் அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளச்சி அதை மரத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்கார வைத்தது.

"குட்டி எங்க இருந்துச்சு?"

"குகையில விட்டுட்டுத்தான் போனேன்."

"சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கியே. இங்கயும் நீயா வந்திருக்க. இப்ப சொல்லு, நேத்து என்ன நடந்துச்சு?"

சடைச்சி அழுதுகொண்டே சொல்லத் தொடங்கியது. மரத்துக்கு முன்னால் வரிசை பொறுமையாகக் காத்திருந்தது.

தடுமாறியவரை நாலு பேர் முன்னால் திட்டினால் அவர் ஒளிந்துகொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், மறுபடி தடுமாறினாலும் அவரே நம்மைத் தேடி வருவார்.