முதல்நாளே வந்த சைரன்

அணு உலைப் பாதுகாப்பு வாரியத்தை எடைபோட வெளிநாட்டு வல்லுநர்கள் வருகிறார்கள் என்றதும், மீனவர் மனு எதற்கும் எட்டிப் பார்க்காத வாரியத் தலைவர் அவர்கள் வருவதற்கு முதல்நாளே குப்பத்துக்கு ஓடிவந்தார்.

"நாளைக்கு ஒத்திகை. சைரன் ஊதுறப்ப எல்லாரும் முகாம்ல இருக்கணும். படுக்கையில கிடக்கிற உன் புருசனை விட்டுட்டு வா," என்றார் மீனவப் பெண் செலஸ்டினாவிடம்.

மறுநாள் சைரன் ஊதியபோது முகாம் நிறைந்திருந்தது. "எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்று வியந்தார் வல்லுநர் அம்மாள்.

"ஐயா நேத்தே சொல்லிட்டாரும்மா. நெசமா ஆபத்து வந்தாலும் முந்துன நாளே சொல்லிருவாரு. எம் புருசனைத் தூக்கத்தான் ஆளில்ல," என்றாள் செலஸ்டினா.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பிற்பகல் சொல்லாமலே சைரன் ஊதச் செய்து, தலைவரையும் ஒரு ஸ்ட்ரெச்சரையும் கூட்டிக்கொண்டு செலஸ்டினா வீட்டு வாசலில் போய் நின்றார். வேறு வழியின்றித் தலைவரே ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கினார்.

"யாருட்டி இவரு?" என்றார் புருஷன்.

செலஸ்டினா புருஷனின் சட்டைப் பித்தானை மாட்டிவிட்டாள். "நம்ம தலைவரு. மெதுவாத்தான் நடப்பாரு. நீங்க கடலைப் பாத்துக்கிட்டே வாங்க."